கட்டாதே என்று அரசன் சொன்ன மாதங்கள்

பழைய வீட்டை இடித்துக் கட்டவோ, இருக்கிற வீட்டில் ஒரு மாடியும் இரண்டு அறைகளும் சேர்க்கவோ உத்தேசித்து, வேண்டிய பணத்தையும் எப்படியோ திரட்டி, கொத்தனாரிடம் கூலியும் பேசி முடித்த ஒரு குடும்பஸ்தருக்கு, நகரசபையார் அவருடைய விண்ணப்பத்தை நிராகரிப்பதைக் காட்டிலும் மனவேதனை தருவது, “இப்போதைக்கு யாருக்கும் அனுமதி இல்லை” என்று பொதுவாக நிறுத்தி வைப்பதுதான். நிராகரித்தால் காரணம் கேட்கலாம், வரைபடத்தைத் திருத்தலாம், மேலதிகாரியிடம் முறையிடலாம். நிறுத்தி வைத்துவிட்டாலோ, செங்கல்லும் மரமும் விலை ஏறுவதையும், பேசி வைத்த ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவதையும் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழி தோன்றுவதில்லை. புதிய தெருத் திட்டம் வகுப்பதற்காகவும், சாக்கடையும் குடிநீரும் ஊரின் பெருக்கத்துக்கு ஈடுகொடுக்கும்படி செய்வதற்காகவும் இப்படிப்பட்ட இடைக்கால நிறுத்தங்கள் உலகெங்கும் பல நகரங்களில் வந்ததுண்டு. அவற்றுள் சில ஜனங்களுக்குப் பெரும் நன்மையாக முடிந்தன. சில வெறும் இம்சையாக முடிந்தன. எந்த நிறுத்தம் எப்படி முடியும் என்பதை அறிய விரும்புவோருக்கு, லண்டன் மாநகரத்தின் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுச் சரித்திரத்தில் இரண்டு திருஷ்டாந்தங்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று, ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் நீடித்து எதையும் சாதிக்காத தடை. மற்றொன்று, எட்டு மாதத்துக்குள் முடிந்து, எரிந்துபோன ஒரு நகரத்தை மறுபடியும் நிற்க வைத்த நிறுத்தம்.

முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1580ஆம் ஆண்டு ஜூலை மாதம் எலிசபெத் ராணி ஒரு பிரகடனம் வெளியிட்டாள். லண்டன் நகரத்தின் எந்த வாயிலிலிருந்தும் மூன்று மைல் தூரத்துக்குள், முன்பு வீடு இருந்திராத நிலத்தில் புதிதாக வீடு கட்டலாகாது என்றும், ஒரு வீட்டில் ஒரு குடும்பத்துக்கு மேல் குடியிருக்கலாகாது என்றும் அது விதித்தது. ஜனநெருக்கத்தால் கொள்ளை நோய் பரவும், உணவுப் பண்டங்களின் விலை ஏறும், இத்தனை பேரை அடக்கி ஆளுவதும் கடினம் என்பனவே அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். அவை பொய்யான காரணங்கள் என்று சொல்ல முடியாது. ஆயினும் நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் பிழைப்புத் தேடி லண்டனுக்கு வந்துகொண்டிருந்த ஜனங்கள் எங்கே தங்குவது என்பதற்கு அந்தப் பிரகடனத்தில் விடை இல்லை. 1593இல் பாராளுமன்றமே அதை ஒரு சட்டமாக இயற்றியது. பின்வந்த ஜேம்ஸ் மன்னரும் முதலாம் சார்லஸ் மன்னரும் பிரகடனத்தின்மேல் பிரகடனமாக அதையே புதுப்பித்து வந்தார்கள்.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? பழைய அஸ்திவாரத்தின்மேல் கட்டுவதற்குத் தடை இல்லையாகையால், இருக்கிற வீட்டையே உள்ளுக்குள் குடைந்தார்கள். ஒரு கூடத்தைப் பலகை மறைப்பால் நான்காகத் தடுத்தார்கள். நிலவறையில் குடி வைத்தார்கள். கொல்லைப்புறத்தில் தெருவுக்குத் தெரியாதபடி கொட்டகைகளைப் போட்டு வாடகைக்கு விட்டார்கள். நெருக்கத்தைக் குறைக்க வந்த தடை, நெருக்கத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்த்தது. அரசாங்கமோ, வீடு எழும்பிய பிறகு உடையவரைப் பிடித்து அபராதம் வாங்குவதையும், பணம் கட்டியவருக்கு விலக்குக் கொடுப்பதையும் ஒரு வருமானமாகவே ஆக்கிக்கொண்டது. தடையை மீறிக் கட்டியதற்காக 1634இல் ஒருவருக்கு ஆயிரம் பவுன் அபராதம் விதித்து, அவர் கட்டிய நாற்பதுக்கு மேற்பட்ட வீடுகளை இடிக்கும்படியும் உத்தரவாயிற்று. மன்னராட்சி ஒழிந்து கிராம்வெல் ஆண்ட காலத்திலும் இந்தப் பழக்கம் ஒழியவில்லை. லண்டனைச் சுற்றிப் பத்து மைலுக்குள், 1620க்குப் பிறகு, போதிய நிலம் விடாமல் புதிய அஸ்திவாரத்தில் கட்டிய வீடு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண்டு வாடகையை அபராதமாக வசூலிக்க 1657இல் ஒரு சட்டம் செய்தார்கள். எண்பது ஆண்டுத் தடையினால் லண்டன் வளராமல் நின்றதா என்றால், இல்லை. அது பல மடங்கு பெருத்தது. பெருத்ததெல்லாம் மரமும் சாந்துப் பூச்சுமாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, மேல்மாடிகள் தெருவின்மேல் நீண்டு, எதிரெதிர் வீட்டார் சன்னல் வழியே கை நீட்டித் தொட்டுக்கொள்ளலாம் போன்ற நிலையில் பெருத்தது.

1666ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை விடியுமுன், புட்டிங் லேன் என்னும் சந்தில் தாமஸ் ஃபாரினர் என்ற ரொட்டிக் கடைக்காரரின் வீட்டில் பற்றிய தீ, அந்த மரக் காட்டுக்குள் புகுந்தது. கீழ்க்காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. நான்கு நாட்களில் 13,200 வீடுகளும், 87 மாதா கோயில்களும், செயின்ட் பால் பேராலயமும், வர்த்தகர் கூடும் ராயல் எக்ஸ்சேஞ்சும், நகரசபை மண்டபமாகிய கில்ட்ஹாலும் வெந்தன. மதிலுக்குள் அடங்கிய நகரத்தில் ஐந்தில் நான்கு பங்கு சாம்பலாயிற்று. பதினாயிரக்கணக்கான ஜனங்கள் மூர்ஃபீல்ட்ஸ் முதலிய வெளிகளில், கிடைத்த துணியைக் கூரையாகக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். முந்திய ஆண்டுதான் கொள்ளை நோய் அந்த ஊரை வாட்டியிருந்தது. ஹாலந்து தேசத்தோடு யுத்தமும் நடந்துகொண்டிருந்தது.

இந்த நிலைமையில் ஓர் அரசன் செய்யக்கூடியவற்றுள் எளிதானது, “எல்லோரும் அவரவர் மனையில் சீக்கிரம் கட்டிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிடுவதுதான். அப்படிச் சொல்லியிருந்தால் குளிர்காலத்துக்கு முன்பே பழைய லண்டன் மறுபடியும் மரத்தாலேயே எழுந்திருக்கும். இரண்டாம் சார்லஸ் மன்னர் அப்படிச் சொல்லவில்லை. தீ அணைந்து ஒரு வாரம் கழிந்ததும், செப்டம்பர் 13ஆம் தேதி அவர் வெளியிட்ட பிரகடனம், அவசரப்பட்டு யாரும் கட்டலாகாது, கட்டினால் இடிக்கப்படும் என்று கண்டிப்பாகச் சொல்லிற்று. ஆனால் எலிசபெத் ராணியின் பிரகடனத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை அடுத்த வாக்கியங்களில் இருக்கிறது. இனி எழும்பும் வீடுகள் செங்கல்லாலோ கல்லாலோ ஆனவையாக இருக்க வேண்டும். பெரிய தெருக்கள் அகலமாக வேண்டும். நதிக்கரையில் புகையும் நாற்றமும் கிளப்பும் தொழில்கள் கூடா. யார் யாருக்கு எந்த மனை என்று அளந்து குறிக்கப்படும் என்று, நிறுத்தம் எதற்காக என்பதை அது விளக்கிற்று. கட்ட விரும்புவோர் தங்கள் மனை எங்கே இருக்கிறது என்று நகரசபையின் மூத்த உறுப்பினர்களாகிய ஆல்டர்மன்களின் சபையில் தெரிவித்தால், தாமதமின்றி உரிய உத்தரவு கிடைக்கும் என்று வாக்களித்தது. இந்த முறைப்படி கட்டுகிறவர்களுக்கு ஏழு ஆண்டுகள் அடுப்பு வரி தள்ளுபடி என்றும் அறிவித்தது. நிறுத்தம் நீங்கும் தேதியை அது குறிப்பிடவில்லை என்பது உண்மையே. ஆனால் நிறுத்தம் நீங்குமுன் செய்து முடிக்க வேண்டிய வேலைகளைக் குறிப்பிட்டது.

வேலையும் உடனே தொடங்கிற்று. கிறிஸ்டோபர் ரென் என்னும் முப்பத்துமூன்று வயது வானசாஸ்திரப் பேராசிரியர், சாம்பல் ஆறுவதற்குள் ஒரு புதிய நகரத்தின் படத்தை வரைந்து அரசனிடம் கொடுத்தார். ஜான் ஈவ்லின் ஒன்று வரைந்தார். ராபர்ட் ஹூக் ஒன்று வரைந்தார். அகன்ற ராஜவீதிகளும், வட்டச் சதுக்கங்களும், ஒன்றையொன்று நேராகப் பார்க்கும் கோபுரங்களுமாக அந்தப் படங்கள் இன்றும் கண்ணைப் பறிக்கின்றன. அவற்றை நிறைவேற்றாமல் விட்டது லண்டனின் துர்ப்பாக்கியம் என்று எழுதுகிற சரித்திரக்காரர் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் படத்தில் ஒரு கோடு இழுத்தால், தரையில் நூறு பேருடைய மனை மறைந்துபோகும். மறைந்த மனைக்கெல்லாம் ஈடு கொடுக்க அரசனிடமும் பணம் இல்லை, நகரசபையிடமும் பணம் இல்லை. கொடுப்பது எவ்வளவு என்று தீர்மானிக்கவே பல ஆண்டுகள் ஆகியிருக்கும். கூரையில்லாமல் வெளியில் கிடக்கிறவர்கள் அத்தனை காலம் காத்திருக்க மாட்டார்கள். வேறு ஊருக்குப் போய்விடுவார்கள், அல்லது இரவோடிரவாகக் கட்டிக்கொள்வார்கள். பழைய தெருக்களையே வைத்துக்கொண்டு, குறுகியவற்றை அகலப்படுத்தி, வளைந்தவற்றைச் சிறிது நிமிர்த்தி, கில்ட்ஹாலிலிருந்து நதிக்குப் போக ஒரு புதிய தெருவை மட்டும் வெட்டுவது என்று முடிவு செய்தவர்கள், கற்பனை குறைந்தவர்கள் அல்லர். ஜனங்களின் பொறுமைக்கு அளவு உண்டு என்பதை அறிந்தவர்கள்.

அந்த முடிவைச் செய்ய ஆறு பேர் கூடினார்கள். அரசன் தரப்பில் ரென், ஹியூ மே, ரோஜர் பிராட். நகரத்தின் தரப்பில் ஹூக், பீட்டர் மில்ஸ், எட்வர்ட் ஜெர்மான். இன்று பள்ளிக்கூடத்துப் பௌதிகப் புத்தகத்தில் சுருள் வில்லின் விதிக்காகப் பெயர் சொல்லப்படும் அதே ஹூக்தான் இவர். மில்ஸும் ஜெர்மானும் கட்டட வேலையிலேயே வாழ்நாளைக் கழித்தவர்கள். தெருவின் அகலம் எவ்வளவு, சுவரின் கனம் எவ்வளவு என்று இவர்கள் கூடிக் கூடிப் பேசியதே பின்னால் சட்டமாயிற்று.

அந்த மாதங்களில் மனைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் தங்கள் மனையில் குவிந்த இடிபாட்டை அகற்றிக் கடைக்கால் தெரியும்படி செய்யவும், உபயோகப்படும் செங்கல்லையும் கல்லையும் ஒருபுறம் அடுக்கி வைக்கவும் நகரசபை அவர்களுக்கு உத்தரவிட்டிருந்தது. அது எளிய காரியமாக இல்லை. சில நிலவறைகளில் சரக்கு உள்ளூர எரிந்துகொண்டே இருந்தது; அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில்கூட இடிபாடுகளில் புகை கிளம்புவதைக் கண்டதாக, அக்காலத்து லண்டன்வாசியான சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஒவ்வொருவரும் தம் மனைக்குள்ள பாத்தியதையை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நகரசபை கேட்டது மாத்திரம் பலிக்கவில்லை. மிகச் சிலரே கொடுத்தார்கள். பத்திரங்கள் எரிந்துபோனவர்கள் எதை வைத்து எழுதிக் கொடுப்பார்கள்? வியாபாரிகளில் பலர் மூர்ஃபீல்ட்ஸ் வெளியில் தற்காலிகக் கடைகளைப் போட்டுக்கொண்டார்கள். 1667 ஏப்ரலில் பீப்ஸ் அங்கே போனபோது, இரண்டடுக்கு வீடுகளும் கல் பாவிய தெருவுமாக அது ஒரு கடைவீதியாகவே மாறியிருந்தது. ராயல் எக்ஸ்சேஞ்சு வர்த்தகர்களுக்கும் நகரசபைக்கும் கிரெஷாம் கல்லூரிக் கட்டடம் இடம் கொடுத்தது. கட்டுவதற்கு அனுமதி நிறுத்தப்பட்டதேயன்றிப் பிழைப்பதற்கு அனுமதி நிறுத்தப்படவில்லை. அதிகாரிகள் இந்த இரண்டையும் பிரித்தறிந்ததைப் பெரிய விவேகமென்றே நான் மதிக்கிறேன்.

1667 பிப்ரவரி 8ஆம் தேதி இரண்டு சட்டங்களுக்கு அரசனின் சம்மதம் கிடைத்தது. ஒன்று, எப்படிக் கட்டுவது என்பதைச் சொல்லும் புனர்நிர்மாணச் சட்டம். வீடுகளை அது நான்கு தரமாக வகுத்தது. சிறு சந்துகளில் இரண்டு நிலை, குறிப்பிடத்தக்க தெருக்களிலும் நதியோரத்திலும் மூன்று நிலை, தலைமைத் தெருக்களில் நான்கு நிலை. தெருவை விட்டு உள்ளடங்கிய செல்வர் மாளிகைகளும் நான்கு நிலைக்கு மேற்படலாகாது. மிகச் சிறிய தர வீட்டுக்குக்கூட, நிலவறைச் சுவர் இரண்டு செங்கல் கனம், அதற்குமேல் ஒன்றரைச் செங்கல் கனம், தரைமட்ட அறையும் அதற்கு மேலுள்ள அறையும் ஒன்பதடி உயரம் என்று அளவு குறித்துக் கொடுத்தது. நாளைக்கு நான் என்ன கட்டப் போகிறேன் என்று ஒரு மனைக்காரர் தம் வீட்டுச் சிறுவனிடம்கூடச் சொல்லக்கூடிய தெளிவு அதில் இருந்தது. பக்கத்து வீட்டாருக்குப் பொதுவான சுவரைப் பற்றிய விதியோ மிகவும் நியாயமானது. முதலில் கட்டுகிறவர் சுவரின் பாதிக் கனத்தை அண்டை மனையில் வைத்துக் கட்டிக்கொள்ளலாம். அண்டை வீட்டார் கட்ட வரும்போது இணைத்துக்கொள்ளும்படி செங்கற்களை நீட்டிவிட வேண்டும். அவர் சுவர்ச் செலவில் பாதியை, ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு வட்டியோடு கொடுக்க வேண்டும். முந்திக் கட்டியவனுக்கு நஷ்டமும் இல்லை, பிந்திக் கட்டுகிறவனுக்கு இலவசமும் இல்லை.

நகரக் கைவினைச் சங்கங்களில் சேராத வெளியூர்த் தச்சர்களும் கொத்தர்களும் லண்டனில் வேலை செய்யலாம் என்றும், ஏழாண்டு வேலை செய்தவர்கள் ஆயுள் முழுவதும் அந்தச் சுதந்திரத்தை அனுபவிக்கலாம் என்றும் அதே சட்டம் அனுமதித்தது. கூலியும் செங்கல் விலையும் மிதமிஞ்சி ஏறினால் அவற்றை நிர்ணயிக்க நியாயாதிபதிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. லண்டனில் இறங்கும் நிலக்கரிக்கு வரி போட்டு, தெருக்களை அகலப்படுத்தும் செலவுக்கு வழி செய்தது.

இரண்டாவது சட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் வீடுகளை எழுப்பியதில் செங்கல்லுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு அதற்கும் உண்டு. லண்டனில் வீட்டில் குடியிருப்பவர் பெரும்பாலும் வீட்டுக்குச் சொந்தக்காரர் அல்லர். நிலம் ஒருவருடையது, நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர், அவரிடம் உள்குத்தகை பிடித்தவர் ஒருவர், இப்படி மூன்று நான்கு பேர் ஒரே வீட்டின்மேல் பாத்தியதை உடையவர்களாக இருப்பார்கள். குத்தகைப் பத்திரங்களில் வீட்டைப் பழுது பார்த்துத் தர வேண்டிய பொறுப்பு குத்தகைக்காரரைச் சேர்ந்தது என்று எழுதியிருக்கும். வீடு எரிந்து தரைமட்டமான பின்பும், அந்த எழுத்தின்படி பார்த்தால், இல்லாத வீட்டுக்கு வாடகையும் கொடுத்து, அதைத் தம் செலவில் திரும்பவும் கட்டித் தர வேண்டிய கதி குடியிருந்தவருடையதாயிற்று. இன்னும் ஐந்தாறு ஆண்டுகளில் முடியப்போகும் குத்தகையை உடைய ஒரு சில்லறைக் கடைக்காரர், கடனோ உடனோ வாங்கி வீடு கட்டி, கட்டிய வீட்டை நிலக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறுவாரா? நிலக்காரர்தாம், எழுத்து தமக்குச் சாதகமாக இருக்கையில், தாமாகக் கைப்பணம் போடுவாரா? சாதாரண நீதிமன்றங்களுக்குப் போனால் எழுத்தே ஜயிக்கும், வீடு எழும்பாது.

இந்தச் சிக்கலை அவிழ்க்கவே அந்த இரண்டாவது சட்டத்தின்படி தீவழக்கு நீதிமன்றம் என்ற ஒரு விசேஷ சபை ஏற்பட்டது. நாட்டின் மூன்று தலைமை நீதிமன்றங்களைச் சேர்ந்த நியாயாதிபதிகள், மூன்று பேரோ அதற்கு மேலோ கூடி, கிளிஃபர்ட்ஸ் இன் மண்டபத்தில் வழக்கு விசாரித்தார்கள். முதல் அமர்வு பிப்ரவரி மாத முடிவிலேயே நடந்தது. சட்ட நுணுக்கம் பாராமல் நியாயம் எது என்று பார்க்கவும், பழைய எழுத்தை மாற்றவும் அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. யார் கட்டச் சக்தியுள்ளவர் என்று முதலில் கேட்பார்கள். குடியிருந்தவர் கட்டுகிறேன் என்றால், அவர் வாடகையைக் குறைத்து, குத்தகைக் காலத்தை நாற்பது ஆண்டு வரைகூட நீட்டிக் கொடுப்பார்கள். அவரால் முடியாது என்றால், ஏதோ ஒரு தொகைக்கு அவரை விடுவித்து நிலக்காரரைக் கட்டச் சொல்வார்கள். நஷ்டத்தை ஒருவர் தலையில் சுமத்தாமல் இருவருக்கும் பங்கிட்டுவிடுவார்கள். மாத்யூ ஹேல் போன்ற மகான்கள் அந்த ஆசனத்தில் அமர்ந்திருந்தார்கள். இந்த வேலைக்காக அவர்கள் ஊதியம் ஒன்றும் பெற்றுக்கொள்ளவில்லை. நன்றி மறவாத நகரத்தார், ஜான் மைக்கேல் ரைட் என்ற ஓவியரைக் கொண்டு அந்த நியாயாதிபதிகள் ஒவ்வொருவரையும் முழு உருவப் படமாக எழுதுவித்துக் கில்ட்ஹாலில் மாட்டினார்கள்.

மார்ச் 27ஆம் தேதி தெருக்களுக்கு முளை அடிக்கத் தொடங்கினார்கள். முளையைப் பிடுங்குகிறவனுக்கு மூன்று மாதச் சிறை அல்லது பத்துப் பவுன் அபராதம். ஏழையானால் அந்த இடத்திலேயே சவுக்கடி. தண்டனை கொடியதுதான், ஆனால் ஒரு முளை ஓரடி நகர்ந்தால் ஒரு தெருவே நகர்ந்துவிடும் என்ற நிலையில் அதன் கண்டிப்பு விளங்கத்தக்கது. தெரு முடிந்ததும் வீட்டுக்காரர்களின் முறை. கட்ட விரும்புகிறவர் ஒவ்வொரு கடைக்காலுக்கும் ஆறு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் நகரப் பொக்கிஷத்தில் கட்டி ரசீது பெறுவார். அந்த ரசீதை ஹூக்கிடமோ மில்ஸிடமோ காட்டினால், மூன்று நாளுக்குள் அவர் மனைக்கு வருவார். மண்ணுக்குள் பழைய சுவரின் அடித்தளம் எங்கே ஓடுகிறது என்று தோண்டிப் பார்ப்பார்கள். என் சுவர் இது, உன் நிலவறை என் கூடத்துக்கு அடியில் வந்தது என்று சச்சரவு எழும். லண்டன் வீடுகள் ஒன்றன் கீழ் ஒன்று நுழைந்து கிடந்தனவாகையால் அப்படிச் சச்சரவு எழாத மனைகள் குறைவு. சாட்சிகளைக் கேட்டு, நூல் பிடித்து, மூலைக்கு மூலை முளை அடித்து, அளவைக் கையோடு எழுதித் தருவார். தெருவை அகலப்படுத்த எத்தனை அடி போயிற்று என்பதற்கும் ஒரு சான்றிதழ் கொடுப்பார். அதைக் காட்டி நகரசபையிடம் ஈட்டுப்பணம் வாங்கிக்கொள்ளலாம். மில்ஸும், ஹூக்கும், பின்னர் சேர்ந்த ஜான் ஆலிவரும் சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான மனைகளை இப்படி அளந்து கொடுத்தார்கள். இந்தப் பெரும் உழைப்பைச் சரித்திரப் புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிப்போவதும், வரைந்ததோடு நின்றுபோன படங்களுக்குப் பல பக்கங்கள் ஒதுக்குவதும் எனக்கு என்றும் வருத்தம் தருவது.

ஏப்ரல் 29ஆம் தேதி நகரசபை தெருக்களின் அகலத்தை முறைப்படி நிச்சயித்தது. சில நாட்களில் அரசனும் ஒப்புக்கொண்டான். செப்டம்பர் 13இல் பிறந்த நிறுத்தம் அத்தோடு முடிந்தது. அதன் பிறகு ஆறேழு ஆண்டுகளுக்குள் தனியார் வீடுகளில் பெரும்பகுதி எழும்பிவிட்டது. எரிந்த 13,200 வீடுகளுக்குப் பதிலாக எழும்பியவை சுமார் 9,000 தான். மர வீட்டின் ஒரு மூலையில் குறைந்த வாடகைக்குக் கிடந்த ஏழைகள் செங்கல் வீட்டின் வாடகையைக் கொடுக்க இயலாமல் மதிலுக்கு வெளியிலேயே தங்கிவிட்டார்கள். நிலக்கரி வரியும் அடுப்பு மூட்டுகிற ஏழையின் தலையிலேயே பெரிதும் விழுந்தது. இந்தக் குறைகளை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு வீட்டில் தற்செயலாய்ப் பற்றிய தீயினால் லண்டன் அதற்குப் பின் அப்படி எரியவில்லை.

இன்றும் ஊர்களில் திட்டம் திருத்துவதற்காக வீட்டு அனுமதிகளை நிறுத்தி வைக்கும் நகரசபைகள் உண்டு. நிறுத்துவது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர்கள் அந்த மாதங்களில் தங்கள் பத்திரத்தைச் சரிபார்த்து, எல்லையை அளந்து, அண்டை வீட்டாரோடு பொதுச் சுவரைப் பற்றிப் பேசி முடித்துக்கொள்ளட்டும். நகரசபையாரோ, நிறுத்துகிற நாளிலேயே எந்த எந்த வேலை முடிந்ததும் அனுமதி திறக்கும் என்று எழுதி ஒட்டட்டும். அளவை செய்பவரை மறுநாளே தெருவுக்கு அனுப்பட்டும். நிலத்தை இழப்பவருக்கு ஈடும், வழக்குள்ளவருக்குச் செலவில்லாத நியாயமும் கிடைக்க வழி செய்துவிட்டுப் பிறகு ஜனங்களைப் பொறுத்திருக்கச் சொல்லட்டும்.